பூபதியின் எண்பத்திரண்டு டிகிரி

என் மனைவி பூபதிக்கு வரும் கடிதங்களில் பாதி 'திரு. பூபதி அவர்களுக்கு' என்றுதான் வரும். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கும் இந்தப் பெயரை வைப்பார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தீவனக் கம்பெனிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து என்னிடம், "பூபதி சார், உங்க மிஷின்ல எத்தனை முட்டை வைக்கலாம்?" என்று கேட்டார். நான் உள்ளே கையைக் காட்டினேன். அவள் இரண்டு கையிலும் முட்டையோடு வெளியே வந்து, "சார் நாந்தானுங்க, உக்காருங்க" என்றாள். தெருவுக்கே கேட்டது. பள்ளிபாளையத்தில் பதினொரு வருடம் விசைத்தறியில் நின்றவள். தறிச் சத்தத்தில் ஒரு காது மந்தமாகி, மெதுவாகப் பேசுவது எப்படி என்பதையே மறந்திருந்தாள்.

எனக்குப் பரமத்தி வேலூர்ப் பள்ளிக்கூட அலுவலகத்துக்கு மாற்றல் வந்தபோது அவள் தறியை விட்டாள். சும்மா இருக்க முடியாமல் தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு பல்பை மாட்டி நூறு நாட்டுக்கோழி முட்டை வைத்தாள். முதல் தடவை முப்பது குஞ்சு பொரிந்தது. இரண்டாம் தடவை எழுபது. அப்புறம் அறுநூறு முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்று வந்தது. மூன்றாம் வருடம் அதே அளவில் இன்னொன்று. முப்பத்தேழரை டிகிரி என்பது அவள் வாயில் எந்நேரமும் இருக்கும். அரை டிகிரி கூடினால் குஞ்சுக்குக் கால் கோணும், அரை டிகிரி குறைந்தால் ஓட்டுக்குள்ளேயே சாகும் என்பாள். மிஷின் காட்டும் எண்ணை நம்பாமல் முட்டையை எடுத்து மூடிய இமையின் மேல் ஒற்றிப் பார்ப்பாள். பெரும்பாலும் இமை சொன்னதும் மிஷின் சொன்னதும் ஒன்றாகவே இருக்கும்.

போன ஐப்பசியில் பூபதி காலமானாள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் என் நினைவுக்கு முதலில் வருவது, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில் எங்கள் பழைய காரோடு அவள் கழித்த ஐந்து நாள்கள். அவ்வளவு உற்சாகமாக அவளை நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

அந்தக் கார் 2001-ஆம் வருடத்து வெள்ளை ஜென். எங்களுக்கு முன் இரண்டு கை மாறியது. எனக்கு ஓட்டத் தெரியாது, பூபதிதான் ஓட்டுவாள். பின் சீட்டை மடக்கிக் குஞ்சுப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போவாள். சித்திரையில் அந்தக் கார் பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை கொதிக்கும். மார்கழியில் எத்தனை தூரம் ஓடினாலும் சூடு ஏறாது, சூடு காட்டும் முள் அடியிலேயே கிடக்கும். நாங்கள் இதைக் காரின் குணம் என்று விட்டுவிட்டோம்.

கார்த்திகையில் ஆத்தூருக்கு இந்தப் பக்கம் மல்லியகரையில் பண்ணை வைத்திருக்கும் ஜெஸ்ஸி என்ற பெண்ணுக்கு நூறு குஞ்சு மாதிரிக்குக் கொண்டு போனோம். விடியற்காலைக் குளிர். கண்ணாடியை ஏற்றினால் குஞ்சுக்கு மூச்சு முட்டும், இறக்கினால் பனிக்காற்று. பெட்டியைத் திறந்தபோது எல்லாம் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நெருக்கியிருந்தன. அடியில் பதினேழு செத்துக் கிடந்தன.

ஜெஸ்ஸி கோபப்படவில்லை. "அக்கா, இருக்கிற குஞ்சு நல்லா இருக்கு. மார்கழியில அறுநூறு கொண்டாங்க. காலையில ஒம்பதுக்குள்ள, உயிரோட. அது சரியா வந்தா மாசாமாசம் உங்ககிட்டயே வாங்கிக்கறேன். இல்லன்னா பெரிய பொரிப்பகத்துலயே வாங்கிக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றாள்.

இரண்டாவது மிஷினை ஓட்ட எங்களுக்கு அந்த ஆர்டரை விட்டால் வேறில்லை. அது போனால் மிஷினை விற்றுவிட்டுப் பள்ளிபாளையத்துக்கே பஸ் ஏறுவதாக அவளே சொன்னாள். பழைய தறி முதலாளி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். அவர் குரலைக் கேட்டாலே இவள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பாள். சூடு வசதி உள்ள வண்டியை வாடகைக்குப் பிடிக்கலாம் என்றால், அறுநூறு குஞ்சுக்கு அது கட்டுப்படியாகாது.

முட்டை வைத்துப் பதினாறாம் நாள், எங்கள் மெக்கானிக் காளிதாஸின் ஷெட்டுக்குக் காரைக் கொண்டு போனாள். காளிதாஸுக்கு நாற்பது வயது. லாரிப் பட்டறையில் வேலை கற்றவன். பூபதியை அக்கா என்பான், என்னை சார் என்பான்.

"ஏன் காளி, இந்த வண்டியில சூட்டுக்காத்து வர்றதுக்கு ஒரு பட்டன் இருக்குதே, அதுல ஏன் சூடே வரமாட்டீங்குது?"

"அது வராதுங்க்கா. வால்வைக் கழட்டுனதுலருந்தே வராது."

"என்ன வால்வு?"

"தெர்மோஸ்டாட் வால்வுங்க்கா. அது குளிர் நாட்டுக்காரனுக்குச் செஞ்சது. நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு? எந்த வண்டி வந்தாலும் மொத வேலையா அதைப் புடுங்கி வீசிருவேன். லாரிக்காரங்க அத்தனை பேரும் அப்படித்தான்."

பூபதி தன் நல்ல காதை அவன் பக்கம் திருப்பினாள். காளிதாஸ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டான்.

"தெர்மோஸ்டாட்டையா கழட்டுன? ஏஞ்சாமி, எம் மிஷின்ல தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப்போட்டு முட்டை வெச்சா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகுமுங்க்கா?"

"குஞ்சும் ஆகாது, ஆம்லெட்டும் ஆகாது."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அந்த வால்வு எங்கே இருக்கும், எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும். தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். எண்பத்திரண்டு டிகிரி வந்ததும் திறந்து ரேடியேட்டருக்கு விடும். வால்வே இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குப் போய் ஆறிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் சூடு ஏறாததற்கு அதுதான் காரணம். காருக்குள் வரும் சூட்டுக்காற்றும் அந்தத் தண்ணீரின் சூடுதான்.

"அப்ப சித்திரையில ஏன் கொதிக்குது?"

காளிதாஸ் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்தான். உள்ளே குழாய் வாய்களில் வெள்ளையும் செம்மையுமாகக் கட்டியாகப் படிந்து பாதி அடைத்திருந்தது. பூபதி விரலை விட்டுச் சுரண்டி எடுத்தாள்.

"இது எங்க மிஷின் தண்ணித் தட்டுல ஒட்டற உப்பு. நீயி இதுல என்ன ஊத்தற?"

"போர் தண்ணிதானுங்க்கா. எல்லாருமே அதான் ஊத்துவாங்க."

"நான் முட்டைக்குக்கூட போர் தண்ணி வெக்கறதில்ல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே வந்தாள். "இது காரில்லீங்க, சக்கரம் வெச்ச இன்குபேட்டர். இத்தனை வருஷம் இது எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க" என்று மூன்று தடவை சொன்னாள். குஞ்சு வெளியே வர ஐந்து நாள் இருந்தது. அதைத் தள்ளிப்போட முடியாது.

வால்வு, ரேடியேட்டர், அதன் மூடி, மேலும் கீழுமாக இரண்டு ரப்பர் குழாய்கள், போர் தண்ணீருக்குப் பதிலாகக் கூலண்ட். இவ்வளவும் புதிதாக வேண்டும். எல்லாமே லோக்கலில் போட்டுவிடலாம், பாதி விலைதான் ஆகும் என்றான் காளிதாஸ். எல்லாமே கம்பெனி ஒரிஜினலாக வாங்கிவிடலாம் என்றேன் நான். "ரெண்டு பேரும் சாமானைப் பாக்காமயே சொல்றீங்க" என்றாள் அவள்.

மறுநாள் பக்கத்து ஊர்க் கடை ஒன்றிலிருந்து நானே ஒரு வால்வு வாங்கி வந்தேன். ஒரிஜினல் பெட்டி, மின்னும் ஸ்டிக்கர், விலைச்சீட்டு, எல்லாம் இருந்தது. பெருமையாக நீட்டினேன். அவள் பெட்டியைப் பிரித்து, வால்வை நூலில் கட்டிக் கரண்டிக் காம்பில் தொங்கவிட்டு, பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீருக்குள் முக்கி அடுப்பைப் பற்ற வைத்தாள். இன்குபேட்டருக்கு உபரியாக வைத்திருந்த கண்ட்ரோலரின் சூடு அளக்கும் கம்பியையும் உள்ளே விட்டாள். அது நூற்றுப்பத்து டிகிரி வரைக்கும் காட்டும்.

"படிங்க."

"எழுபது... எழுபத்தெட்டு... எண்பத்திரண்டு."

வால்வு அசையவில்லை.

"எண்பத்தஞ்சு. தொண்ணூறு."

"இன்னும் தூங்குது. படிங்க."

"தொண்ணூத்தெட்டு."

தண்ணீர் தளதளவென்று கொதித்து அடுப்பில் வழிந்தது. வால்வு மூடியது மூடியபடியே இருந்தது. இதைக் காரில் மாட்டியிருந்தால் இன்ஜின் வெந்திருக்கும். "பெட்டியில ஒரிஜினல்னுதான போட்டிருக்குது?" என்றேன் நான், அப்போதும்.

"பெட்டிக்கு எங்கீங்க சூடு தெரியும்?" என்றாள். ஏமாந்த கோபம் அவள் முகத்தில் கொஞ்சமும் இல்லை. அடுத்ததை எப்போது வேக வைக்கலாம் என்ற அவசரம்தான் இருந்தது. கடைக்காரர் வால்வை மாற்றித்தர மறுக்கவில்லை. அதே போன்ற பெட்டியில் இன்னொன்றை நீட்டினார். அதை வாங்காமல் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் நான் விடுப்பு எடுத்தேன். காளிதாஸ் பழைய ரேடியேட்டரையும் குழாய்களையும் கழற்றிக் கொடுத்தான். எங்கள் பக்கம் உதிரிபாகக் கடைக்குப் பழைய சாமானோடுதான் போவோம். வாயால் சொல்வதைவிட அது நிச்சயம். எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினோம். நான்கு ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் உபகாரசாமி என்பவரின் கடை. அறுபத்தைந்து வயது இருக்கும். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியிருந்தார். கல்லாவுக்கு மேலே குடில் வைக்க அட்டையும் வைக்கோலும் காத்திருந்தன.

பூபதி சொன்னதைக் கேட்டு அவர் மூன்று வால்வுகளை மேஜையில் வைத்தார். "இது கம்பெனி ஐட்டம். இது வேற கம்பெனி, பேர் உள்ளது, நல்லாவே ஓடும். இது லோக்கல். உங்க இஷ்டம்."

"ஐயா, சுடுதண்ணி கெடைக்குமுங்களா?"

"குடிக்கவா?"

"இல்லீங்க, இதுகளைப் போட்டுப் பாக்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன். கடைசியில் டீ போட வைத்திருந்த மின்சாரக் கெட்டிலை மேஜை மேல் தூக்கி வைத்தார். பூபதி பையிலிருந்து நூலையும் கண்ட்ரோலரையும் எடுத்தாள். சாமான் வாங்க வந்த இரண்டு டிரைவர்கள் போகாமல் நின்றார்கள். எதிர்க் கடைக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார். எண்களைப் படிக்கும் வேலை வழக்கம்போல எனக்கு.

லோக்கல் வால்வு எழுபதிலேயே திறந்துகொண்டது. வெளியே எடுத்து ஆறவைத்தும் மூடவில்லை. "வாய மூடாத வால்வு" என்றார் ஒரு டிரைவர். "நம்ம ஓனர் மாதிரி" என்றார் மற்றவர். பேர் உள்ள வேறு கம்பெனியினுடையது எண்பத்து மூன்றில் திறந்தது. நன்றாகவே திறந்து, ஆறியதும் நன்றாகவே மூடியது. ஒரிஜினல் சரியாக எண்பத்திரண்டில் மெல்ல வாய் பிளந்தது.

"பொரியறாப்பல இருக்குதுங்க" என்று பூபதி என் தோளில் அடித்தாள். கடையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"நாற்பது வருசமா கடை வச்சிருக்கேன்மா. வால்வை வேகவச்சுப் பாத்து வாங்குற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார் உபகாரசாமி. "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எதை எடுக்கறீங்க?"

அவள் இரண்டையும் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பினாள். ஒரிஜினலின் தட்டில் ஒரு சின்ன ஓட்டை, அதில் ஆடும் ஊசி ஒன்று. மற்றதில் அது இல்லை. "இது எதுக்குங்கய்யா?"

"உள்ள காத்து மாட்டிக்கிட்டா கசிஞ்சு வெளிய போறதுக்கு. மாட்டும்போது அந்த ஊசி மேல் பக்கம் வரணும், மெக்கானிக்கிட்ட மறக்காமச் சொல்லுங்க."

"அப்ப இதையே குடுங்க."

ரேடியேட்டரில் கதை மாறியது. ஒரிஜினல் இருப்பு இல்லை. சொல்லிவைத்தால் வரப் பத்து நாள் ஆகும். எங்களுக்கு மூன்று நாள்தான் இருந்தது. வேறு கம்பெனியுடையது ஒன்றும், கனமான செம்பு லோக்கல் ஒன்றும் இருந்தன. நான் செம்பைத் தூக்கிப் பார்த்து, இதுதான் உழைக்கும் என்றேன். பூபதி சாக்கை அவிழ்த்துப் பழையதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் புதியதை நிறுத்தினாள். ஆணி ஓட்டை, குழாய் வாய், விசிறி மாட்டும் காது என்று ஒவ்வொன்றாக விரலால் அளந்தாள். செம்பில் கீழ் வாய் அரை அங்குலம் தள்ளியிருந்தது. "இழுத்து மாட்டுனாச் சேரும்" என்றார் ஒரு டிரைவர். "இழுத்து மாட்டுனது இழுத்துக்கிட்டேதான இருக்குமுங்க?" என்று அவள் வேறு கம்பெனியுடையதை எடுத்தாள். குழாய்களை மடக்கிப் பார்த்தாள். லோக்கல் குழாய் வளைவில் நசுங்கியது, ஒரிஜினல் நசுங்கவில்லை. மூடியில் போட்டிருந்த அழுத்த எண்ணைப் பழைய மூடியோடு ஒத்துப் பார்த்து அதையும் ஒரிஜினலாகவே வாங்கினாள்.

"என்ன கணக்கும்மா இது? கொஞ்சம் ஒரிஜினல், கொஞ்சம் வேற?" என்று கேட்டார் உபகாரசாமி.

"சூட்டை முடிவு பண்றது எதுவோ அது ஒரிஜினலா இருக்கோணும். தண்ணியைத் தாங்கறது நல்லதா, அளவா இருந்தாப் போதுமுங்க."

அவர் பில் எழுதுவதை நிறுத்தினார். "உங்களுக்கு என்ன தொழில், ஒர்க்‌ஷாப்பா?"

"கோழிக்குஞ்சுங்க."

திரும்பும் பஸ்ஸில் புது ரேடியேட்டரை மேலே வைக்க அவள் சம்மதிக்கவில்லை. கண்டக்டர் வந்து, அதற்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார்.

"மடியிலதானுங்க வெச்சிருக்கறேன், கொழந்தயாட்ட."

"கொழந்தைக்கு அரை டிக்கெட்டுங்க."

நாமக்கல் வரும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

காளிதாஸுக்கு அவ்வளவு சந்தோஷமில்லை. இருபது வருடமாகப் பிடுங்கி எறிந்த சாமானைத் தன் கையாலேயே மாட்ட வேண்டியிருந்தது. "நாளைக்கு வழியில கொதிச்சா என்னைக் கேக்கக் கூடாதுங்க்கா" என்றான்.

"நீயும் வா. கொதிச்சா உன்னையே கேக்கறேன்."

இரண்டு நாள் வேலை. இன்ஜினுக்குள் தண்ணீரை அடித்துக் கழுவினான். செம்மண் கரைசல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஊசி மேலே வரும்படி வால்வை மாட்டினான். சுத்தத் தண்ணீரில் கலந்த கூலண்டை வாய் வரைக்கும் ஊற்றி, மூடியைத் திருகி, ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிட்டு, "முடிஞ்சுதுங்க்கா" என்றான். பூபதி அப்போது அங்கே நிற்கவில்லை. மிஷினுக்குள் குஞ்சுகள் முட்டை ஓடுகளைக் கீறத் தொடங்கியிருந்தன; அவள் வீட்டுக்கு ஓடியிருந்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஆறு பெட்டி, பெட்டிக்கு நூறு. நூற்றுக்கு இரண்டு கூடுதலாகப் போடுவது தொழில் வழக்கம் என்பதால் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு குஞ்சு. பெட்டிகளுக்கு நடுவில் காற்றுப்போக இடம் விட்டு அடுக்கினாள். காளிதாஸ் முன் சீட்டில். நான் பின்னால், பெட்டிகளுக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கி, சூட்டுக்கம்பியை ஒரு பெட்டிக்குள் விட்டு எண்ணைப் படித்துக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது இருபத்தெட்டு.

நாமக்கல்லுக்கு முன்னாலேயே முள் மேலே வந்து பாதிக்குச் சற்றுக் கீழே நின்றது. பூபதி ஹீட்டரைத் திருகினாள். முதலில் தூசி வாடை. அப்புறம் முகத்தில் வெதுவெதுப்பான காற்று.

"வருதுங்க. வருதுங்க மாமா. காளி, கையை வெச்சுப் பாரு."

காளிதாஸ் கையை வைத்துப் பார்த்தான். பிறகு இன்னொரு கையையும் வைத்தான்.

கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டாள். பெட்டிக்குள் முப்பது, முப்பத்தொன்று. கீச்சுக்கீச்சென்ற சத்தம் தணிந்து, குஞ்சுகள் பரவிப் படுத்தன. ராசிபுரத்தில் டீ குடிக்கலாமா என்று காளிதாஸ் கேட்டதற்கு, ஆயிரம் டீ வாங்கித் தருகிறேன், திரும்பி வரும்போது என்றாள். நாமகிரிப்பேட்டையைத் தாண்டியபோது வயல்கள் மேல் பனி வெள்ளையாக நின்றது.

மெட்டாலா கணவாய் ஏற்றத்தில் இரண்டாவது கியர் போட்டாள். பாதி ஏறியிருப்போம்.

"முப்பது" என்று படித்தேன். கொஞ்ச நேரத்தில், "இருபத்தொன்பது."

"கண்ணாடியை ஏத்துங்க."

"என் பக்கம் ஏத்தித்தான் இருக்குது."

அவள் ஹீட்டர் வாயில் கையை வைத்தாள். குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. அதே சமயம் முள் பாதியைத் தாண்டி முக்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சொன்னன்ல" என்றான் காளிதாஸ். "வால்வு அடைச்சுக்கிச்சு. நிறுத்துங்க்கா. இன்ஜினை அணைச்சுட்டு, ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்து தண்ணி ஊத்தலாம்."

ஓரமாக நிறுத்தினாள், இன்ஜினை அணைக்கவில்லை. வெளியே பதினேழு டிகிரிதான் இருக்கும். அணைத்தால் ஆறும்வரை அரைமணி நேரம் நிற்க வேண்டும். அரைமணியில் குஞ்சுகள் மூலைக்கு ஏறிவிடும்.

"இருபத்தேழு" என்றேன்.

"இரு காளி. இன்ஜின் சூடு ஏறுது, ஹீட்டருல சூடு வரல. ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான? தண்ணி ஹீட்டருக்குப் போகலீன்னா நடுவுல என்ன இருக்குது?"

காளிதாஸ் முள்ளையும் ஹீட்டரையும் மாறிமாறிப் பார்த்தான். "காத்து" என்றான் மெதுவாக.

"காத்து எப்படி வந்துச்சு?"

"நேத்து ஊத்துனப்ப மாட்டியிருக்கும். மூடியைத் திறந்து வெச்சுட்டு, வால்வு தொறக்கற வரைக்கும் ஓடவிட்டு, காத்தை வெளியேத்தியிருக்கோணும். வால்வு இல்லாத வண்டிக்கு அது தேவையே இல்லீங்க்கா, ஊத்துனா தானாப் போயிரும். இருவது வருசமா வால்வு வெச்ச வண்டிக்குத் தண்ணியே ஊத்துனதில்ல நானு."

"இருபத்தஞ்சு" என்றேன். ஒரு பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கூடியது.

"காத்து எக்கட்ட போகும்?"

"மேலதானுங்க்கா போகும்."

"இப்ப வண்டியில மேல என்ன இருக்குது?"

அவன் கதவைத் திறந்து இறங்கி முன்னால் ஓடிப் பானட்டைத் தூக்கினான். கார் ஏற்றத்தில் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் மூடிதான் எல்லாவற்றுக்கும் உயரத்தில். "அப்படியே நிக்கட்டுங்க்கா. அணைச்சுராதீங்க. சித்தெ மிதிங்க, மெதுவா. விடுங்க. மிதிங்க."

அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விட்டாள். முள் முக்காலைத் தொட்டு நின்றது. நான் என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கத்திக்கொண்டிருந்த பெட்டியின் மேல் போட்டேன். இருபத்து நான்கு. பானட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காளிதாஸின் குரல் வந்தது: "டப்பாவுல கொமுளி வருதுங்க்கா."

மூடியிலிருந்து ஒரு குழாய் வழியாக வரும் உபரிக் கூலண்ட் நிற்கும் வெள்ளை டப்பாவில் குமிழ்கள் ஒன்று, இரண்டு, அப்புறம் கொத்தாக. "மிதிங்க." கொஞ்ச நேரம் கொப்பளித்தது. பிறகு நின்றுவிட்டது.

"இருபத்து மூணு, பூபதி."

 ஹீட்டர் வாயில் புறங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். நான் அவள் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். திடீரென்று புருவம் ஏறியது.

"வருது" என்றாள்.

அப்படியே அனல் மாதிரி வந்தது. முள் சறுக்கிக்கொண்டு பாதிக்குக் கீழே இறங்கியது. காளிதாஸ் டப்பாவில் குறைந்ததற்குக் கையோடு கொண்டுவந்த கூலண்டை ஊற்றி, பானட்டைச் சாத்திவிட்டு ஓடிவந்து ஏறினான். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நிமிடம்தான் நின்றிருந்தோம். கணவாயின் உச்சியில் ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டும்போது பெட்டிக்குள் இருபத்தொன்பது. மங்களபுரத்தில் முப்பத்தொன்று.

ஜெஸ்ஸி பண்ணை வாசலில் நின்றிருந்தாள். மணி எட்டு இருபது. பெட்டிகளைக் கொட்டகைக்குள் வரிசையாக வைத்தோம். வெல்லத் தண்ணீர் தயாராக இருந்தது. வந்த குஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து அலகை அதில் ஒரு தடவை தொட்டுவிட்டால், தானே குடிக்கக் கற்றுக்கொள்ளும். முதல் பெட்டியைத் திறந்தாள். மூலையில் குவியல் இல்லை. மஞ்சளும் பழுப்புமாக முழுப்பெட்டிக்கும் பரவி நின்று, வெளிச்சத்தைப் பார்த்து ஒரே சமயத்தில் கத்தின.

நான்கு பேரும் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே அலகை நனைத்தோம். காளிதாஸ் எண்ணெய்க் கறை போகக் கையை இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். என் ஸ்வெட்டரைப் போட்ட பெட்டியில் ஒன்று செத்திருந்தது.

"அறுநூத்துப் பதினொண்ணு" என்றாள் ஜெஸ்ஸி. "நான் கேட்டதே அறுநூறுதான். அடுத்தது எப்ப அக்கா?"

பூபதி விரலை மடக்கினாள். "இன்னிக்குச் சாயங்காலம் முட்டை வெச்சா பொங்கலுக்கு முன்னாடி பொரிஞ்சுரும்."

"எவ்வளவு முடியும்?"

"ரெண்டு மிஷினும் நெறைய வெக்கறனுங்க" என்றாள். அவ்வளவு சத்தமாகச் சொன்னாள், கொட்டகையில் குஞ்சுகள் ஒரு நொடி அடங்கின.

திரும்பும்போது பத்து மணி வெயில் ஏறிவிட்டது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டுப் பக்கம் பனி இருந்த சுவடே இல்லை. பூபதி ஹீட்டரை நிறுத்தவில்லை. சூட்டுக்காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. காளிதாஸ் சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றினான், அப்புறம் கண்ணாடியை முழுக்க இறக்கினான்.

"அதை அணைச்சுருங்க்கா. வெந்து போயிருவோமாட்ட இருக்குது."

"இருக்கட்டும் காளி. ராசிபுரம் வரைக்கும் வரட்டும்."

ராசிபுரம் வந்தது. டீ குடித்தோம். அவள் காரில் ஏறியதும் மறுபடியும் கையை ஹீட்டர் வாயில் வைத்துப் பார்த்தாள். பரமத்தி வேலூர் வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் வியர்த்துக்கொண்டே வந்தோம்.